உறைச் சட்டிக்கு அரக்கு முத்திரை

கோமளம் மாமி வீட்டுத் தயிருக்கு சர்க்கார் முத்திரை வைத்துவிட்ட செய்தி, மாமிக்கே முழுதாகப் புரிவதற்கு முன்னால் தெருக்கோடி இஸ்திரி வண்டி வரைக்கும் போய்விட்டது. மயிலாப்பூரில் குளத்துக்குத் தெற்கே இருக்கிற தெருக்களில் இது ஒன்றும் அதிசயமில்லை. அரக்கு காய்வதற்குள், தயிரில் விஷமாம் என்று ஒரு கட்சியும், தயிரில் ஏதோ தங்கபஸ்பம் மாதிரி இருக்கிறதாம், அதனால்தான் பூட்டினார்களாம் என்று இன்னொரு கட்சியும் கிளம்பிவிட்டன. இரண்டு கட்சியும் மாமி வீட்டுத் தயிரைத்தான் அன்று காலையிலும் சாப்பிட்டிருந்தன.

எல்லாம் ஒரு போர்டால் வந்தது. மாமி பதினைந்து வருஷமாகத் தயிர் தோய்த்து மூன்று மெஸ்ஸுக்கும் பக்கத்துத் தெரு நர்ஸிங் ஹோமுக்கும் கொடுத்துவந்தாள். மருந்து சாப்பிட்டு வயிறு கெட்டுப்போன குழந்தைகளுக்கு அந்த நர்ஸிங் ஹோம் டாக்டர் சீட்டின் அடியில் 'கோமளம் மாமி தயிர், இரண்டு வேளை' என்றே எழுதுவார். ஒருநாள் அவர், "இதுல நல்ல பாக்டீரியா உயிரோட இருக்கு, புரோபயாடிக்னு பேரு" என்று மாமியின் கணவர் ஸ்ரீரங்கனிடம் போகிற போக்கில் சொல்லிவிட்டார். ஸ்ரீரங்கன் டெலிபோன் இலாகாவில் ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருப்பவர். அப்படிப்பட்டவர் கையில் ஒரு புது வார்த்தையைக் கொடுக்கலாமா? மறுநாளே வாசலில் நீலப் பெயிண்டில் போர்டு தொங்கியது: 'உயிருள்ள நன்மை பாக்டீரியாத் தயிர் இங்கே கிடைக்கும்.'

"உயிருள்ளன்னு எதுக்குன்னா போட்டேள்? படிக்கிறவா பயந்துக்கப் போறா" என்றாள் மாமி.

"உனக்குத் தெரியாதுடி. இது சயின்ஸ்" என்றார் ஸ்ரீரங்கன்.

மூன்றாவது வாரம் ஜீப் வந்தது. தொண்ணூற்றெட்டாம் வருஷம் மே மாதம், வியாழக்கிழமை, பகல் பதினொரு மணி, அக்னி நட்சத்திர வெயில். முன்சீட்டிலிருந்து வெங்கடரமணன் என்ற அதிகாரி இறங்கினார். பின்சீட்டிலிருந்து தணிகாசலம் என்ற அதிகாரி இறங்கினார். இருவரும் அடையாறில் இருக்கும் நன்மை நுண்ணுயிர்ப் பாதுகாப்பு வாரியத்தைச் சேர்ந்தவர்கள். ஒரே ஜீப்பில் வந்தாலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நான்கு வருஷமாகவே பார்த்துக்கொள்வதில்லை.

காரணம், வாரியம் பிறந்த அரசாணையில் இருந்த ஒரே ஒரு வரி: 'நன்மை நுண்ணுயிர்களின் பாதுகாப்பை உறுதி செய்தல்.' அந்த நுண்ணுயிர்கள் ஜனங்களுக்குப் பாதுகாப்பானவையா என்று பார்க்கச் சொல்கிறார்கள் என்று படித்தவர்கள் 'அ' பிரிவு ஆனார்கள். ஜனங்களிடமிருந்து அந்த நுண்ணுயிர்களைப் பாதுகாக்கச் சொல்கிறார்கள் என்று படித்தவர்கள் 'ஆ' பிரிவு ஆனார்கள். இரண்டில் எது சரி என்று மேலே எழுதிக் கேட்டதற்கு, 'ஆணையில் உள்ளவாறே செயல்படவும்' என்று பதில் வந்தது. அதிலிருந்து இரண்டு பிரிவும் ஆணையில் உள்ளவாறே செயல்பட்டு வருகின்றன. வெங்கடரமணன் 'அ'. தணிகாசலம் 'ஆ'.

"உயிருள்ள கிருமிகளை அனுமதியில்லாமல் வீட்டில் வளர்க்கிறீர்கள்" என்றார் வெங்கடரமணன்.

"வளர்க்கிறதோடு இல்லாமல் விற்கவும் விற்கிறீர்கள்" என்றார் தணிகாசலம். அவர் குரல் தழுதழுத்தது.

மாமி ஸ்ரீரங்கனைப் பார்த்தாள். ஸ்ரீரங்கன் போர்டைப் பார்த்தார்.

தணிகாசலம் பையிலிருந்து ஒரு படிவம் எடுத்தார். நுண்ணுயிர்கள் வெப்பம், குளிர், புளிப்பு, உப்பு, பட்டினி இவற்றுக்கு எப்படி ஈடுகொடுக்கின்றன என்று ஆராயும் படிவம் அது. இங்கிலீஷில் ஒழுங்காகத்தான் இருந்ததாம். தமிழாக்கம் செய்தவர் அகராதியைப் பார்த்து 'துன்ப விவரப் படிவம்' என்று தலைப்புக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து 'ஆ' பிரிவுக்கு ஒரு லட்சியம் கிடைத்துவிட்டது.

"தயிர் உறைந்த பிறகு என்ன செய்வீர்கள்?"

"மெஸ்ஸுக்குக் குடுக்கறதைக் குடுத்துட்டு, மிச்சத்தைக் கடைஞ்சு நீர்மோர் பண்ணுவேன்."

"கடைவீர்கள்." எழுதிக்கொண்டார். "அப்புறம்?"

"உப்புப் போடுவேன். பெருங்காயம் போடுவேன். கடுகு தாளிச்சுக் கொட்டுவேன்."

தணிகாசலம் பேனாவைக் கீழே வைத்தார். "கொதிக்கும் எண்ணெயா? அவை உயிரோடு இருக்கும்போதேவா?"

"மோர்னா தாளிக்காம எப்படி?" என்றாள் மாமி.

"பதினைந்து வருஷமாக!" என்று தணிகாசலம் ஜீப் டிரைவரிடம் சொன்னார். டிரைவர் காலையில் மோர் குடித்துவிட்டு வந்தவர், அதனால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு பிரிவும் தனித்தனியே எழுதி, ஒரே முடிவுக்கு வந்தன: உறை இருக்கும் சட்டிக்கு முத்திரை. அது ஒரு மாக்கல் சட்டி. அன்றன்று தோய்க்கிற தயிரெல்லாம் அதிலிருந்துதான் பிறக்கும். தினம் சாயந்திரம் நாலு மணிக்கு, விரல் பொறுக்கிற சூட்டில் பாலை ஊற்றி, இந்தச் சட்டியிலிருந்து ஒரு கரண்டி உறை குத்தி, சட்டியிலும் புதுப் பால் விடுவது மாமியின் பழக்கம். மந்தைவெளியில் குடியிருந்தபோது மாடிவீட்டுக்காரியிடம் ஒரு டம்ளர் வாங்கி ஆரம்பித்தது; நடுவில் ஒருநாள்கூட விட்டதில்லை. வேறு உறையில் தோய்த்துப் பார்த்திருக்கிறாள். வெயில் காலத்தில் நூல் விடும், குழந்தைகள் துப்பிவிடும். இந்த உறை போனால் மாமியின் தயிர் போச்சு.

துணி போட்டு, சணல் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு உருக்கி ஊற்றி முத்திரை குத்தினார்கள்.

"விசாரணை திங்கட்கிழமை" என்றார் வெங்கடரமணன்.

"திங்கட்கிழமையா! தினம் பால் விடாட்டா அது புளிச்சுப் புளிச்சே செத்துப் போயிடும் சார்! இந்த வெயில்ல நாலு நாள் தாங்காது!"

"சாகக் கூடாது" என்றார் தணிகாசலம் கடுமையாக. "சட்டி உங்கள் பொறுப்பில் இருக்கிறது. உள்ளே ஏதாவது நேர்ந்தால் அது காவலில் மரணம்."

"அப்போ ஃப்ரிட்ஜில வெச்சுக்கறேன்."

"குளிர் ஒரு துன்பம். படிவத்தில் இரண்டாவது இனம்."

"சரி, வெளியில வெச்சா பெருகிப் பொங்கிடுமே?"

"பெருகவும் கூடாது" என்றார் வெங்கடரமணன். "விசாரணை நிலுவையில் இருக்கும்போது எண்ணிக்கை கூடினால், முன் அனுமதியற்ற பெருக்கம் என்று தனி வழக்கு ஆகும்."

சாகவும் கூடாது, பெருகவும் கூடாது. மாமி கையெழுத்துப் போட்டாள்.

போகிற போக்கில் வெங்கடரமணன் ஒன்று கேட்டார். "இந்த உறையை வேறு யாருக்காவது கொடுத்திருக்கிறீர்களா?"

 மாமி வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. தெரு முழுக்க வாசலில் நின்றுகொண்டிருந்தது. "எங்காத்துல ஒரு ஸ்பூன்தான் சார், மூணாம் நம்பர்ல ஒரு கிண்ணமே வாங்கிண்டு போனா" என்றது ஒரு வீடு. "நான் வாங்கினதைப் பார்த்தியே, உன் மருமக வாங்கிண்டு போனது கணக்குல இல்லையா?" என்றது மூன்றாம் நம்பர். அடுத்த தெருவில் தையல் மெஷின் வைத்திருக்கும் நஸ்ருன்னிசாவும் பச்சடிக்கு உறை வாங்குவாள் என்பதை, அவளிடம் பாக்கி ரவிக்கை வாங்க வேண்டிய ஒரு அம்மாள் ஞாபகமாகச் சொன்னாள். வாரியத்தின் பாஷையில் இவையெல்லாம் 'வாரிசுகள்'. ஒரு மணிக்குள் வாரிசுகள் எல்லாம் பிளீச்சிங் பவுடரோடு சாக்கடையில் சேர்ந்தன. தணிகாசலம் ஒவ்வொரு வாசலிலும் ஒரு நிமிஷம் மௌனமாக நின்றார். அதற்குப் படிவம் இல்லாததால், வேறொன்றும் செய்ய அவருக்கு அதிகாரம் இல்லை.

உலகத்தில் மிச்சம் இருந்தது சட்டிக்குள் இருந்ததுதான்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்கு மாமி பழக்கதோஷத்தில் பாலைக் காய்ச்சிவிட்டாள். விரல் விட்டுப் பார்த்தாள். சூடு சரியாக இருந்தது. கரண்டியை எடுத்துக்கொண்டு திரும்பினால் எதிரே அரக்கு. பால் ஆறி, ஆடை கட்டி, கடைசியில் காபிக்குப் போயிற்று. சனிக்கிழமை கடைத்தயிரில் உறை குத்திப் பார்த்தாள். நூல் விட்டது. நர்ஸிங் ஹோமிலிருந்து தயிர்த் தூக்குப் பாத்திரம் அப்படியே திரும்பி வந்தது.

அதற்குள் சட்டி வேலையைக் காட்ட ஆரம்பித்திருந்தது. சமையலறை முழுக்கப் புளிப்பு வாசனை. மேலே கட்டிய துணி லேசாகப் பூரித்துக்கொண்டு எழும்பியது. மாமி அதன் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே 'ஸ்ஸ்' என்று ஏதோ.

"உசிரோட இருக்குன்னா!"

"பெருகறதோ?" என்றார் ஸ்ரீரங்கன் கவலையாக.

"ஒரு பக்கமா கொஞ்சம் பால் விட்டுடட்டுமா? துணி வழியா ஊறிப் போயிடும், யாருக்குத் தெரியும்?"

"சர்க்கார் முத்திரைடி! முப்பது வருஷம் சர்க்கார் சோறு தின்னவன் நான்."

"இப்போ திங்கற தயிர்சாதம் யார் போடறது?" என்றாள் மாமி. ஆனால் பால் விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே நாலு தலை தெரிந்தது. விட்டிருந்தால் அடுத்த ஜீப்பைக் கூப்பிட அவர்களில் ஒருவருக்காவது போன் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் 'ஸ்ஸ்' நின்றுவிட்டது. துணி அமுங்கியது. மாமி அதன் முன்னாலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கும் எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை காலை கபாலியின் ஆட்டோ வந்தது. சட்டியை மடியில் வைத்துக்கொண்டு மாமி உட்கார்ந்தாள். பக்கத்தில் ஸ்ரீரங்கன், கையில் படிவங்களோடு.

"கபாலி, பள்ளத்துல விடாதே. குலுங்கினா அதுவும் துன்பமாம்."

"இன்னா மாமி, புள்ளத்தாச்சிய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போற மாரி ஓட்டச் சொல்றே. உள்ள இன்னா கீது?"

"உறை."

"ஒரைக்கா இம்மாம் அரக்கு? நம்ம ஆட்டோக்கு ஆர்சி புக்குக்குக்கூட இவ்ளோ சீல் இல்ல மாமி." மந்தைவெளி, ஆர்.ஏ. புரம் என்று பள்ளம் பள்ளமாகப் பார்த்து ஒதுங்கி, திரு.வி.க. பாலத்தை மாட்டுவண்டி வேகத்தில் தாண்டினான். பின்னால் வந்த பஸ்காரன் திட்டிய திட்டுக்கு, "யோவ், உள்ள உசுரு கீதுய்யா!" என்று பதில் கொடுத்தான்.

வாரியத்தில் முதலில் பரிசோதனைக் கூடம். அங்கே இருந்தவள் மஹ்விஷ் என்ற இளம் பெண், நுண்ணுயிரியல் படித்தவள். அந்தக் கட்டடத்தில் அதைப் படித்திருந்தவள் அவள் ஒருத்திதான். அதனால் அவள் எந்தப் பிரிவிலும் இல்லை. அரக்கை உடைத்தாள். மஞ்சளாக நீர் பிரிந்து, கீழே திட்டுத் திட்டாகத் தயிர். முகத்தை இழுக்கும் புளிப்பு. மாமி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

ஒரு துளி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள் மஹ்விஷ். அமிலத்தில் போட்டாள், பித்தநீர் ஊற்றினாள், சூடு காட்டினாள். மூன்று மணி நேரம் மாமி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"மாமி, செத்ததும் நிறைய இருக்கு. ஆனா மிச்சம் இருக்கிறது சாதாரணப்பட்டது இல்ல" என்றாள் மஹ்விஷ். "திடீர்னு அமிலத்துல போட்டிருந்தா எல்லாமே போயிருக்கும். இது நாலு நாளா கொஞ்சம் கொஞ்சமா புளிச்சதுல பழகிக்கிச்சு. பழகினா தனக்குன்னு கவசம் மாதிரி சில புரதம் செஞ்சுக்கும். அப்புறம் சூட்டையும் தாங்கும், பித்தத்தையும் தாங்கும்."

"அப்போ உசிரோட இருக்கு?"

"இருக்கு. புதுப் பால் கிடைச்சா எழுந்துடும். இன்னைக்கே கிடைக்கணும்."

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விசாரணை அறையில் இயக்குநர் வெள்ளைத்துரை நடுவிலும், பிரிவுக்காரர்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். மஹ்விஷ் தன் அறிக்கையைப் படித்தாள்: "நல்ல உடம்பு உள்ளவங்களுக்கு இதனால கெடுதல் இல்லை. ரொம்ப பலவீனமான நோயாளிக்கு மட்டும் டாக்டர் பார்த்துக் கொடுக்கணும்." இரண்டு வாக்கியம்தான். கோப்பில் சேர்க்கக் குறைந்தது எட்டுப் பக்கம் வேண்டும் என்பதால் அது திருப்பித் தரப்பட்டது.

வெங்கடரமணன் எழுந்தார். "அமிலத்தில் சாகவில்லை. பித்தநீரில் சாகவில்லை. சூட்டிலும் சாகவில்லை. இத்தனை செய்தும் சாகாத ஒன்றை ஜனங்கள் வயிற்றுக்குள் எப்படி அனுப்புவது? எங்கள் பிரிவின் கொள்கை தெளிவானது. நுண்ணுயிர் செத்திருந்தால்தான் பாதுகாப்பு."

"செத்திருந்தா போர்டு பொய்யாயிடாதோ?" என்றார் ஸ்ரீரங்கன்.

"ஆகும். அது வேறு வழக்கு."

தணிகாசலம் எழுந்தார். "நாலு நாள் பட்டினி கிடந்தும் ஒரு நுண்ணுயிர்கூட வாய் திறந்து புகார் சொல்லவில்லை. ஐயா, எங்கள் பிரிவு நாலு வருஷமாகக் கேட்டுவருவது ஒன்றுதான். மனிதர்கள் தயிர் சாப்பிடுவதை உடனே நிறுத்த வேண்டும்."

இயக்குநர் வெள்ளைத்துரை தொண்டையைக் கனைத்தார். "இந்த வாரியம் தோன்றிய நாளிலிருந்து ஒரு நுண்ணுயிரால் ஒரு மனிதர் பாதிக்கப்பட்டதாகவோ, ஒரு மனிதரால் ஒரு நுண்ணுயிர் பாதிக்கப்பட்டதாகவோ நாம் முடிவு செய்ததே இல்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். முடிவு செய்திருந்தால் ஒரு பிரிவு மூடப்பட்டிருக்கும். ஒரு பிரிவு என்பது இருபத்திரண்டு குடும்பம். நாமும் துன்பங்களுக்குப் பழகிக்கொண்டு உயிர் வாழ்கிறவர்கள்தான். ஆகவே இரு தரப்புக்கும் பொதுவாக உத்தரவிடுகிறேன். தயிர் முழுவதையும் சீசாக்களில் அடைத்து ஆவண அறையில் நிரந்தரமாக வைக்க வேண்டும். 'அ' பிரிவு இதைச் சிறை என்றும், 'ஆ' பிரிவு இதை அடைக்கலம் என்றும் பதிவு செய்துகொள்ளலாம்."

இரண்டு பக்கமும் கைதட்டின.

"ஆவண அறையில பால் விடுவேளா?" என்றாள் மாமி.

"ஆவணங்களுக்கு நாங்கள் பால் விடுவதில்லை அம்மா."

சொன்னபடி தயிரை வழித்து எடுத்து சீசாக்களில் அடைத்தார்கள். சட்டியின் உட்புறம் சுற்றிலும் வெள்ளையாக ஒரு படலம் ஒட்டிக்கொண்டிருந்தது. மாமி அதைப் பார்த்துக்கொண்டாள்.

"பாத்திரத்தை நன்றாகக் கழுவி, உரியவரிடம் ஒப்படைக்கவும்" என்றார் வெள்ளைத்துரை. சிப்பந்தி சட்டியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு நடந்தான்.

நாலே நாள்தான். ஆனாலும் மாமி அவர்கள் பாஷையைக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

"சார், ஒரு சந்தேகம்" என்றாள் தணிகாசலத்தைப் பார்த்து, ரொம்பப் பணிவாக. "சட்டிச் சுவத்துல கோடிக்கணக்குல ஒட்டிண்டிருக்கே. சோப்புப் போட்டுத் தேய்ச்சா அதெல்லாம் என்ன ஆகும்? உங்க ஆபீசுக்குள்ளேயே?"

தணிகாசலத்தின் முகம் வெளுத்தது. "நிறுத்துங்கள்! சட்டியைக் கழுவக் கூடாது!"

"கழுவாமல் ஒரு பொருளும் இங்கிருந்து வெளியே போகக் கூடாது" என்று எழுந்தார் வெங்கடரமணன். சிப்பந்தி குழாயைத் திறந்துவிட்டான். தண்ணீர் விழும் சத்தம் அறைக்குள் கேட்டது.

மாமி அவர் பக்கம் திரும்பினாள். "அதுவும் சரிதான் சார். ஆனா கழுவின ஜலம் சாக்கடைக்குப் போகும். சாக்கடை ஆத்துக்குப் போகும். எதுலயும் சாகாததுன்னு நீங்கதானே சொன்னேள்? ஊர் முழுக்கப் பரவினா, 'அ' பிரிவு குழாயிலேர்ந்துதான் கிளம்பித்துன்னு நாளைக்கு யாராவது எழுதினா?"

வெங்கடரமணன் ஜன்னலுக்கு ஓடினார். "யோவ்! குழாயை மூடு! கழுவாதே!"

நான்கு வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு பிரிவும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டன. சட்டி கழுவப்படக் கூடாது. எப்படி இருக்கிறதோ அப்படியே உரியவரிடம் உடனே ஒப்படைக்கப்பட வேண்டும். தணிகாசலமும் வெங்கடரமணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவருமே கொஞ்சம் பயந்துபோனார்கள் என்று மஹ்விஷ் பிற்பாடு சொன்னாள்.

"இப்போ வேகமாப் போ கபாலி" என்றாள் மாமி ஆட்டோவில் ஏறி. "பள்ளம் பார்க்க வேண்டாம்."

நாலு மணிக்குப் பால் காய்ந்தது. விரல் விட்டுப் பார்த்துச் சட்டியில் ஊற்றினாள். ஆறு மணிக்குப் பாலாகவே இருந்தது. எட்டு மணிக்கும் பால்தான். "போனாப் போறது, விடுடி" என்றார் ஸ்ரீரங்கன். மாமி சட்டியை மூடிவைத்தாள். விடிந்ததும் முகம்கூடக் கழுவாமல் வந்து சட்டியைச் சாய்த்துப் பார்த்தாள். அசையவில்லை. இன்னும் சாய்த்தாள். கெட்டியாக, ஓரம் விலகாமல், அப்படியே நின்றது. ஒரு துளி நாக்கில் வைத்தாள். முன்னைக்குக் கொஞ்சம் ரோஷம் ஜாஸ்தி. மற்றபடி அதேதான்.

நஸ்ருன்னிசா முதல் ஆளாகக் கிண்ணத்தோடு வந்தாள். "மாமி, பொழச்சிக்கிச்சா?"

"பொழைச்சுடுத்து. இந்தா. எங்கேர்ந்துன்னு யாராவது கேட்டா?"

"கடையில வாங்கினேன்னுவேன்."

"கடை பேரைச் சொல்லிடாதே. அங்க ஜீப் போயிடும்."

தெருவுக்கு மாமி கொடுக்கவில்லை. கோபமில்லை, தெருவுக்குக் கண் ஜாஸ்தி, அவ்வளவுதான். நர்ஸிங் ஹோமுக்கு நாளைக்குத் தோய்க்க எடுத்துவைத்துவிட்டு, மிச்சத்தைச் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, கபாலியைக் கூப்பிட்டு அவன் சீட்டுக்கடியில் வைத்தாள்.

"இன்னா மாமி இது?"

"உன் வண்டியில ஏறறவாளுக்கெல்லாம் ஆளுக்கு ஒண்ணு குடு. பாலை வெதுவெதுன்னு பண்ணி இதை விடச் சொல்லு. போறும்."

"சவாரிக்கு மீட்டர் போட்டாலே சண்டைக்கு வர்றானுங்க, இதுல தயிர் வேறயா? சரி, யார் யாருக்கு குட்த்தேன்னு வந்து சொல்ணுமா?"

"சொல்லவே கூடாது. எந்தத் தெரு, எந்த வீடுன்னு எனக்குத் தெரியவே கூடாது. கேட்டா என்னால சொல்ல முடியாதபடி இருக்கணும்."

 கபாலி சிரித்தான். "புரிஞ்சிபோச்சி மாமி. பட்டினப்பாக்கத்துல ஒண்ணு, அசோக் நகர்ல ஒண்ணு, சிந்தாரிப்பேட்டையில..."

"டேய், சொல்லாதேன்னேனே!"

ஆட்டோ கிளம்பியது. எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலை, பக்கத்து மாடியில் ஒன்று, வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எட்டிப் பார்த்தன. கோமளம் மாமி மட்டும் பார்க்கவில்லை. வண்டி முனையைத் தொடுவதற்குள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.